எழுபதில் திறக்கும்

மச்சினி: ...அந்த முழுப் பாறையை விடுங்க அத்தான். விரிசல் இருக்கற ஆழத்துல குழாயை நிறுத்துங்க.

அத்தான்: ஏற்கெனவே விரிஞ்ச கல்லுக்கு எதுக்குத் தண்ணி அடிக்கணும்?

மச்சினி: விரிஞ்சிருக்கு, ஆனா வாயை மூடிக்கிட்டு இருக்கு. முழுப் பாறைன்னா பிளக்கறதுக்கே தனியா பலம் வேணும். இதுல சுத்தியிருக்கற பாறை அழுத்திப் பிடிச்சிருக்கற பிடியை மட்டும் ஜெயிச்சா போதும், வாய் திறந்து ஊத்து வரும்.

அத்தான்: போன வாரம் வந்தவங்க முழுப் பாறையில அழுத்தத்தை நூத்தம்பது பார் வரைக்கும் ஏத்தியும் கல்லு அசையல. ஆஸ்பத்திரிக்காரங்க இதுதான் கடைசி போர்வெல்னுட்டாங்க. இதுலயும் தண்ணி வரலைன்னா வார்டை மூடணுமாம்.

மச்சினி: தெரியும். எழுபதுல திறக்கும்.

அத்தான்: எழுபது... உறுதியா?

மச்சினி: எழுபது. தண்ணி மேல பீறிடாம குழாயைச் சுத்தி இறுக்கற அடைப்பு ரப்பர், அதைப் புதுசா மாட்டிட்டீங்கல்ல?

அத்தான்: ம்... எல்லாம் ஆச்சு. நான் மீட்டரைப் பார்த்துச் சொல்றேன், கல்லு டாக்டரம்மா. உங்க அக்கா என்னைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பறா, நான் உன்னை...

மச்சினி: அக்கா உங்களை நம்பறாளா? யாரு சொன்னா?

அத்தான்: சரி, சரி. பம்பு ஓடுது... அம்பது... அறுபத்தஞ்சு... எழுபது.

மச்சினி: ஏத்துங்க.

அத்தான்: எண்பது. எழுபதுன்னியே...

மச்சினி: மெதுவா ஏத்துங்க.

அத்தான்: தொண்ணூறு. நிறுத்தவா?

மச்சினி: வேண்டாம். என்ன அத்தான், இந்தக் குளிர்ல உங்களுக்கு வேர்க்குது?

அத்தான்: தொண்ணூத்தஞ்சு... ஐயோ, முள்ளு விழுது.

மச்சினி: விழட்டும். திறந்துடுச்சு. தண்ணியை எப்படி உள்ள வாங்குது பாருங்க.

அத்தான்: யம்மா... கல்லுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்தவ மாதிரி எடத்தைக் காட்டினியே. உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்ல. இருபத்தஞ்சு கூடப் போனா என்ன, போகட்டும்...

மச்சினி: கூடப் போகல.

அத்தான்: என்னது?

மச்சினி: அந்த விரிசல் சாஞ்சு கெடக்கு. நெருக்கம் அதிகமா இருக்கற பக்கத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கு, அதான் பிடி இறுக்கம். என் கணக்கே தொண்ணூத்தஞ்சுதான் அத்தான். அப்படிச் சொல்லியிருந்தா அவ்வளவு அழுத்தத்துக்குப் பயந்து நீங்க பம்பைத் தொட்டிருக்கவே மாட்டீங்க... ஏன் உக்காந்துட்டீங்க? அத்தான்?

அத்தான்: புது ரப்பர் வரவேயில்ல. உள்ள இருக்கறது பழசு... நூறுதான் தாங்கும். அது பிச்சுக்கிட்டா குழாய் நேரா என் நெஞ்சுக்குத்தான் வரும். எழுபதுன்னு சொன்னே... தாங்கும்னு அதோடயே குழாயை எறக்கினேன். ஏத்துன்னு சொன்னே... ஏத்தினேன்.