காணாமல் போன பீரங்கிக் கூண்டு

– சோபாவுக்கு அடியில பார்த்தீங்களா?

– ரெண்டு தடவை பார்த்துட்டேன். உன் தோடுதான் கிடைச்சது.

– அப்பாடா, போன மாசமே தொலைஞ்சுதுன்னு... சரி, எதைத் தேடுறீங்க?

– தெரியாத மாதிரி கேக்காதே. பீரங்கிக் கூண்டு. ரெண்டு காணாமப் போய் மூணாவது செஞ்சேன், அதையும் காணோம்.

– அந்த வட்ட டப்பாவா?

– டப்பா இல்ல. இது நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின இரும்புக் கவசக் கப்பலோட மாடல். மேல கூண்டு சுத்தினாத்தான் போர்க்கப்பல்னு மரியாதை.

– முழ நீளக் கப்பல், ஆறு மாசமா சாப்பாட்டு மேசையைப் பிடிச்சு வச்சிருக்கு. நாம தரையில சாப்பிடுறோம். மரியாதை யாருக்குன்னு நல்லாவே தெரியுது.

– கூண்டுக்கு மட்டும் இருநூறு ஆணித் தலை. பசையை ஊசிக் காதுல தொட்டுத் தொட்டு வச்சேன்.

– என் ஊசி. இப்ப அதுல நூலே நுழையல.

– கூண்டை ஒட்டிட்டா வேலை முடிஞ்சது. மேசை உனக்கு.

– மேசை எனக்கு... நீங்க?

– முதல்ல கூண்டு கிடைக்கட்டும்.

– பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிஜக் கப்பலுக்கு. ஒன்பது மாசம் இஞ்சின் ரூம்ல. அதானே?

– கம்பெனியில அப்படித்தான் சொல்லியிருக்கேன். கையில ஒரு வேலை இருக்கு, முடிஞ்சதும் வர்றேன்னு.

– என்ன வேலைன்னு கேக்கலையா?

– கேட்டாங்க. கப்பல் கட்டுறேன்னேன்.

– சிரிக்காதீங்க.

– அந்தச் சட்டையை நாலாவது தடவை மடிக்கிற.

– மடிப்பு சரியா வரல.

– இங்க பாரு...

– சரி, சொல்லிடறேன். திட்டக் கூடாது. அரிசி டின்னுல கையை விடுங்க.

– அரிசி டின்னுலயா?

– அடியில... இன்னும் கீழ.

– ஏய், என் கூண்டு!

– நீங்க போறது எனக்குப் பிடிக்கல. ஒன்பது மாசம் இந்த வீட்டுல ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்கார என்னால முடியாது. அதான் எடுத்து ஒளிச்சேன்.

– அப்ப எல்லாம் உன் வேலைதானா?

– இது நீங்க முதல்ல செஞ்ச கூண்டு. இதை மட்டும்தான் எடுத்தேன். அப்புறம் ரெண்டு காணாமப் போச்சே, அது சத்தியமா நான் இல்ல... ஏங்க, எங்கயோ பார்க்கிறீங்க?

– பரண்ல இருக்கிற என் பெட்டியைத் திறந்து பாரு. சாக்ஸுக்குள்ள ரெண்டும் இருக்கும். அந்தப் பெட்டியை நான் எடுக்கிறதா இல்லையே, யாரு பார்க்கப் போறாங்கன்னு அதுல வச்சேன்.