இனிகோவின் வாலட்டும் பெரிய வெள்ளியும்

மகனின் கிரிப்டோ பணத்தை மாதாமாதம் நான் எடுத்துக்கொண்டு, அவன் உயிரோடு இருப்பதாகக் கதை கட்டுகிறேன் என்று என் மருமகளின் அண்ணன் ஜெஃப்ரி இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்துள்ள புகார் உண்மையல்ல. நான் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுக்க என்னால் முடியாது.

எனது பெயர் எவலின் கொரேரா. வயது 73. காலஞ்சென்ற விக்டர் கொரேராவின் மனைவி. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சொந்த வீட்டில் வசித்து வருகிறேன். கான்வென்டில் படித்தவள். எழுதுவதை நானே படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன் என்று எழுத்தரிடம் முதலிலேயே சொன்னேன்.

என் ஒரே மகன் இனிகோ துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தான். சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஏஜென்ட் மூலம் கணினி வேலைக்கென்று தாய்லாந்து போனான். போகுமுன் என் போனில் ஓர் இணையதளத்தைத் திறந்து காட்டினான். அவனுடைய சேமிப்பு, வங்கியோ மேலாளரோ இல்லாமல் கணினி நிரல் வழியாகவே வட்டிக்கு விடப்பட்டிருந்தது. வாலட் என்கிற அவனுடைய கணினிப் பணப்பையின் முகவரியை அந்தத் தளத்தில் இட்டால், பணம் எங்கே கிடக்கிறது, வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கடைசியாக என்று எடுக்கப்பட்டது என்பதெல்லாம் தெரியும். முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம். எடுப்பதற்குப் பன்னிரண்டு இரகசியச் சொற்கள் வேண்டும். அவை எனக்குத் தெரியாது.

"எம்மா, மாசத்துல மொத வெள்ளி மொத வெள்ளிதான் வட்டிய எடுப்பேன், கோயில் காணிக்கைக்கு. அத எடுத்திருந்தா நா நல்லா இருக்கேன்னு வச்சிக்கிடுங்க. பாத்துட்டு, ஏன் இவ்வளவு எடுத்தன்னு போன்ல வையாதிய" என்று சிரித்தான்.

அதன் பிறகு நவம்பரில் அவனுடைய அழைப்புகள் நின்றன. படகில் போனபோது கடலில் விழுந்து இறந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று ஏஜென்ட் சொன்னார். ஆனால் டிசம்பர் முதல் வெள்ளியன்று வட்டி எடுக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் அப்படியே. இடையில் மற்ற நாட்களில் ஒன்றும் மாறாது என்று தெரிந்தும், மீன் வாங்க நிற்கும்போதுகூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வட்டி தானாக ஏறும், அது அடையாளமல்ல. எடுப்பதற்குத்தான் அவன் கை வேண்டும்.

ஜெஃப்ரி ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தெ, அது தானா ஓடுத புரோகிராம். செத்தவன் போன்ல வச்ச அலாரம் அடிக்காதா?" என்றான். மருமகள் டயானா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இந்த ஏப்ரலில் முதல் வெள்ளியன்று வட்டி எடுக்கப்படவில்லை. மாலை கோயிலிலிருந்து வந்ததும் ஜெஃப்ரிதான் பார்த்துச் சொன்னான். நானும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதன் பிறகு டயானா தாலிச் சங்கிலியைக் கழற்றி மாதா சுரூபத்தின் அருகில் வைத்தாள். ஆன்மா இளைப்பாற்றிப் பூசைக்கு நாள் குறிப்பதென்று பேசினார்கள். நான் மறுக்கவில்லை.

அன்று பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். என் கணவர் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அன்றைக்குப் பணத்தைத் தொடுவதில்லை. வாங்குவதும் கொடுப்பதும் இல்லை. இனிகோவையும் அப்படித்தான் வளர்த்தேன். கறுப்புச் சேலை உடுத்தி, காசைத் தொடாமல் அந்த நாளைக் காத்த நானே, அவனும் காப்பான் என்று நினைக்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து பார்த்தபோது வட்டி எடுக்கப்பட்டிருந்தது. ஜெஃப்ரியைக் கூப்பிட்டுக் காட்டி, "ஏலே, ஒன் புரோகிராமுக்குப் பெரிய வெள்ளி தெரியுமாலே?" என்று கேட்டேன். அவன் மறுநாள் இங்கே வந்து புகார் கொடுத்தான். டயானா சங்கிலியை எடுத்துக் கையில் வைத்திருக்கிறாள். இன்னும் கழுத்தில் போடவில்லை.

அந்தச் சொற்கள் திருடனுக்குக் கிடைத்திருந்தால் மொத்தத்தையும் எடுத்திருப்பான். ஆட்களைக் கணினி முன் உட்கார வைத்து, வீட்டாரிடம் பேச விடாமல் அடைத்து வைத்து வேலை வாங்கும் இடங்கள் அந்தப் பக்கம் இருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். என் மகன் அப்படியோர் இடத்தில் இருக்கிறானென்று அஞ்சுகிறேன்.

எழுத்தர் ஓரிடத்தில் "இறந்துபோன மகன்" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

என் போன் இப்போது விசாரணைக்காகக் காவல் நிலையத்தில் இருக்கிறது. வருகிற மே முதல் தேதி, முதல் வெள்ளி. வாலட்டின் முகவரியைக் கீழே என் கையால் எழுதியிருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அன்றைக்கு நீங்களே பாருங்கள். வட்டி எடுக்கப்பட்டதா இல்லையா என்பதையும், எடுக்கப்பட்டிருந்தால் என் மகனைத் தேட என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுத்துமூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும். பொய் எதுவும் சேர்க்கவில்லை. முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
எவலின் கொரேரா