கொம்மாவுக்குள்ள ஒரு வீடு

நிஷாந்தி: அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. அதோட வசனம் முடிஞ்சுது.

தயாபரன்: எப்பிடி முடியும்? பர்ஹா மிஸ் போர்டில எழுதினதை நீர் பாதியில விட்டிட்டு வந்திருக்கிறீர்.

நிஷாந்தி: நான் ஒண்டையும் விடேல்லை. நீங்கள்தான் போன கிழமை இங்கிலீஷ் வகுப்புக்கே வரேல்லை. வந்த ஆளிட்டப் பிழை பிடிக்கிறியள்.

தயாபரன்: காய்ச்சல் எண்டு மெசேஜ் போட்டனானெல்லோ.

நிஷாந்தி: ஓம்... போட்டீங்கள். இப்ப எப்பிடி?

தயாபரன்: இப்பவோ... இப்பச் சுகம். அதை விடும். திரும்ப ஒருக்கா வாசியும்.

நிஷாந்தி: "ஷீ இஸ் அட் ஹெர் சிஸ்டர்'ஸ்."

தயாபரன்: சிஸ்டரின்ர என்ன? குடையோ, குக்கரோ, காரோ?

நிஷாந்தி: அதுதானே சொல்லுறன், ஒண்டும் இல்லை. சிஸ்டர், மேல ஒரு கொம்மா, பக்கத்தில ஒரு எஸ். பிறகு வசனத்தை முடிக்கிற குத்து.

தயாபரன்: இதுக்குள்ள ஏன் என்ர அம்மாவை இழுக்கிறீர்?

நிஷாந்தி: ஆர் இழுத்தது?

தயாபரன்: மேல ஒரு கொம்மா எண்டு இப்பத்தான் சொன்னீர்.

நிஷாந்தி: கடவுளே... அது எழுத்துக்கு மேல தொங்கிற கொம்மா. உங்கட அம்மாவை நான் அப்பிடிச் சொல்லுவனோ? மூண்டு மாசத்துக்கு முதல், அந்தச் சண்டை அண்டைக்கும் நான் மாமி எண்டுதான் சொன்னனான்.

தயாபரன்: ஓம். மரியாதையா மாமி எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெள்ளவத்தைக்கு, அக்கா வீட்ட வெளிக்கிட்டீர்.

நிஷாந்தி: கிளறாதேங்கோ. வகுப்புத் தொடங்க அரை மணித்தியாலம்தான் இருக்கு. ஹோம்வேர்க் செய்யப் போறீங்களோ, கடலைப் பார்க்கப் போறீங்களோ?

தயாபரன்: சரி, செய்வம். கொஞ்சம் தள்ளி இரும், உந்தப் பேக்கை இஞ்சால வைக்கிறன்... அம்மாடி. உள்ள என்ன, கல்லோ?

நிஷாந்தி: தொடாதேங்கோ. புத்தகம்.

தயாபரன்: ரெண்டு மணித்தியால வகுப்புக்கு இவ்வளவு புத்தகமோ? லைப்ரரியைத் தூக்கிக்கொண்டு வந்தனீரோ?

நிஷாந்தி: டிக்‌ஷனரி அப்பா, விடுங்கோ. இப்பக் கேளுங்கோ. "அட் ஹெர் சிஸ்டர்'ஸ்" எண்டால் அக்கா வீட்ட எண்டு அர்த்தம்.

தயாபரன்: வீடு எங்க இருக்கு அதில?

நிஷாந்தி: அந்தக் கொம்மாவுக்குள்ள.

தயாபரன்: பகிடி விடாதேயும்.

நிஷாந்தி: சத்தியமா. இங்கிலீஷ்காரர் வீடு எண்ட சொல்லைச் சொல்லுறேல்லை. சிஸ்டரின்ர எண்டு, ஆற்ற எண்டதை மட்டும் சொல்லிப்போட்டு நிப்பாட்டுவாங்கள். மிச்சத்தைக் கேக்கிற ஆள் கட்டிக்கொள்ளவேணும்.

தயாபரன்: கூரையோட?

நிஷாந்தி: கூரை, கதவு, குசினி, மொட்டைமாடியில தண்ணி டாங்கி, எல்லாத்தோடயும். மிஸ் சொல்லேக்க எனக்குப் புல்லரிச்சுது. இன்னும் இருக்கு. நான் வேலை செய்யிற இடம் இருக்கெல்லோ, பல்லு டொக்டரின்ர கிளினிக்? அது "அட் த டென்டிஸ்ட்'ஸ்". அங்கயும் கிளினிக் எண்ட சொல் இல்லை.

தயாபரன்: அப்ப அதே கொம்மா அங்க போனா கிளினிக்.

நிஷாந்தி: தையல்காரரிட்டப் போனா தையல் கடை. தலைமயிர் வெட்டிற ஆளிட்டப் போனா சலூன். ஆளைப் பார்த்து இடம் மாறுது.

தயாபரன்: வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு நான் பாத்ரூம் சாமான் கடையில இங்கிலீஷ் கட்டலொக் பார்க்கிறன். உந்தக் கொம்மாவை ஏதோ ஈ இருந்த தடம் எண்டுதான் நினைச்சனான்.

நிஷாந்தி: அந்த ஈ ஒரு மாளிகையைத் தூக்கிக்கொண்டு திரியுது.

தயாபரன்: பொறும்... ரெயில் போகட்டும்.

நிஷாந்தி: ...

தயாபரன்: போட்டுது. இப்ப ஒண்டு சொல்லும். நாங்கள் என்ன சொல்லுறம்? "அக்கா வீட்ட." "அக்கான்ர வீட்ட" எண்டு சொல்லுறேல்லையே.

நிஷாந்தி: சொன்னாலும் பிழையில்லை. ஆனா வாயில வாறது அக்கா வீட்டதான்.

தயாபரன்: அப்பப் பாரும். நாங்கள் அந்த "ன்ர"வை விழுங்கிப்போட்டு வீட்டைச் சொல்லுறம். அவங்கள் வீட்டை விழுங்கிப்போட்டு "ன்ர"வைச் சொல்லுறாங்கள்.

நிஷாந்தி: பொறுங்கோ. அதைத் திரும்ப ஒருக்கா சொல்லுங்கோ.

தயாபரன்: என்ன, பிழையோ?

நிஷாந்தி: இல்லை. இதை மிஸ்ஸும் சொல்லேல்லை. நானும் ஒரு கிழமையா இதையே யோசிக்கிறன், எனக்கும் பிடிபடேல்லை... நீங்கள் எப்பிடிப் பிடிச்சீங்கள்?

தயாபரன்: தெரியாது. ஆனா ஆச்சரியமாத்தான் இருக்கு. ஒருத்தரும் கூட்டம் கூடி முடிவெடுத்திருக்க மாட்டினம். அங்க ஒரு சனம் ஒண்டை விட்டிருக்கு, இஞ்ச ஒரு சனம் மற்றதை விட்டிருக்கு. ரெண்டு பேரும் வீட்டுக்குச் சரியாப் போய்ச் சேருகினம்.

நிஷாந்தி: வடைக்காரர் வாறார். பசிக்குதோ? ரெண்டு பருப்பு வடை வாங்குவம். அய்யே, பரிப்பு வடே தெகக் தென்ன.

தயாபரன்: புது வண்டில் போல. லஸ்ஸனய், அய்யே. மே கரத்தே ஒயாகேத?

வடைக்காரர்: மகே நெமே மாத்தயா. மல்லிகே.

நிஷாந்தி: கேட்டீங்களோ? "மல்லிகே." வண்டில் உங்கடையோ எண்டு கேட்டதுக்கு, என்ர இல்லை, தம்பியின்ர எண்டு சொல்லிப்போட்டுப் போறார். பிறகு ஒண்டும் இல்லை.

தயாபரன்: அவருக்கு என்ன, வண்டில் கண்ணுக்கு முன்னால நிக்குதே.

நிஷாந்தி: அதில்லை... "கே." சிங்களத்தில "கே" எண்டா வீடும்தானே?

தயாபரன்: ஓம்... "கே" எண்டாலும் வீடு, "கெதர" எண்டாலும் வீடு.

நிஷாந்தி: அப்ப என்ர, உன்ர எண்டு சொல்லுற எல்லா இடத்திலயும் அவைக்கு ஒரு வீட்டுச் சத்தம் கேக்குது. "மகே" எண்டாலும் கேக்குது, "மல்லிகே" எண்டாலும் கேக்குது. பிறந்த நாளில இருந்து இந்தச் சனத்தோட கதைச்சுக்கொண்டு திரியிறம். எனக்கு இண்டைக்குத்தான் காதில விழுந்தது.

தயாபரன்: எனக்கு இந்த வடையை விழுங்க ஏலாமக் கிடக்கு.

நிஷாந்தி: விழுங்குங்கோ. கஷ்டமான பகுதி இனித்தான். அட் எண்ட சொல்லுக்கு முன்னால குட்டிச் சொல்லுகள் வந்து வரிசையில நிக்கும். "பேக் அட்."

தயாபரன்: பேக் எண்டா உந்தப் பேக்கோ?

நிஷாந்தி: இந்தப் பேக் இல்லை. மற்றப் பேக்.

தயாபரன்: சரி, பின்பக்கம். அப்ப "ஐ ஆம் பேக் அட் மை மதர்'ஸ்" எண்டால், நான் அம்மாவுக்குப் பின்னால நிக்கிறன்.

நிஷாந்தி: வசனம் பிழை. ஆனா உங்களைப் பற்றின தகவல் சரி.

தயாபரன்: குத்தும், குத்தும்.

நிஷாந்தி: சிரிப்புக்குச் சொன்னனான். அந்த இடத்தில பேக் எண்டா திரும்பி வந்திட்டன் எண்டு. போயிருந்த ஆள் திரும்பி வந்திருக்கிறார்.

தயாபரன்: போனதை வசனத்தில சொல்லேல்லையே?

நிஷாந்தி: சொல்லத் தேவையில்லை. பேக் எண்டு சொன்னா, ஒரு நாள் போனதும் அதுக்குள்ள வந்திடும். அடுத்தது இது. "ஷீ இஸ் ஸ்டில் ஓவர் அட் ஹெர் சிஸ்டர்'ஸ்."

தயாபரன்: ஓவர்...

நிஷாந்தி: ஓம்.

தயாபரன்: ஓவர் எண்டா முடிஞ்சுது எண்டெல்லோ நிஷா. மட்ச் ஓவர் எண்டுறாங்கள்.

நிஷாந்தி: சில இடத்தில அப்பிடி.

தயாபரன்: இந்த இடத்தில?

நிஷாந்தி: இந்த இடத்தில அங்கால எண்டுதான் அர்த்தம். ஆள் இன்னும் அங்கால, அக்கா வீட்ட இருக்கிறா.

தயாபரன்: முடியேல்லை?

நிஷாந்தி: பின்னால ஒரு அட் வந்தா முடியேல்லை.

தயாபரன்: ரெண்டே ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. அது வந்து பக்கத்தில நிண்டவுடன முடிஞ்சது முடியாமப் போகுது. எனக்கு உண்மையாப் பயமாக் கிடக்கு.

நிஷாந்தி: உங்களுக்கு ஏன் கண் கலங்குது?

தயாபரன்: வடையில மிளகாய். அடுத்ததைச் சொல்லும். "மதர்-இன்-லோ" எண்டு ஒண்டு இருக்கெல்லோ, அதுக்குக் கொம்மா எங்க வரும்? மதருக்கு மேலயோ?

நிஷாந்தி: இல்லை, லோவுக்குத்தான். கடைசியில. "மை மதர்-இன்-லோ'ஸ்."

தயாபரன்: லோ எண்டால் சட்டம். அப்ப வீடு சட்டத்துக்குப் போட்டுது. பாவம் மதர்.

நிஷாந்தி: முழுப் பேரும் ஒரு ஆள்தான். அதால கடைசிச் சொல்லுத்தான் எல்லாரையும் சேர்த்து வீட்டைத் தூக்கவேணும்.

தயாபரன்: இதை மட்டும் யோசிக்காமச் சொல்லுறீரே. மிஸ் படிப்பிச்சவவோ?

நிஷாந்தி: இல்லை... நான் தேடிப் பார்த்தனான். சும்மா. இப்ப ஹோம்வேர்க். குட்டிச் சொல்லு, அட், கொம்மா போட்ட ஒரு பேர். மூண்டு வசனம். உண்மையானதா இருக்கவேணும் எண்டு மிஸ் சொன்னவ.

தயாபரன்: உண்மை ஏன்? இங்கிலீஷ்தானே.

நிஷாந்தி: பொய்க்குப் பழகினா வாய் அதுக்குத்தான் பழகும் எண்டா. எழுதுங்கோ. "ஐ ஆம் ஸ்டில் அட் மை மதர்'ஸ்." உங்களுக்குச் சுகமான வசனம். நாலு வருசமாப் பாடம்.

தயாபரன்: நிஷா...

நிஷாந்தி: சண்டை அண்டைக்கு ஒரு பார்சல்காரன் போனில ஆற்ற வீடு எண்டு கேட்டான். நான் பக்கத்தில நிண்டு வெங்காயம் உரிச்சனான். நீங்கள் சொன்னீங்கள், "அம்மா வீடு." நாலு வருசம் அந்த வீட்டில கூட்டி, சமைச்சு, கேற் பூட்டி இருந்தனான். உங்கட வாயில ஒருக்கா "எங்கட" வரேல்லை. எனக்கு மாமியோட கோபம் இல்லை. அந்த ஒரு சொல்லுத்தான்.

தயாபரன்: வேணுமெண்டு சொல்லேல்லை. வாய்ப் பழக்கம்.

நிஷாந்தி: அதுதான் எனக்கு நொந்தது. யோசிச்சுச் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பன்.

தயாபரன்: பேனையைத் தாரும்.

நிஷாந்தி: எழுதுங்கோ எண்டால், வெட்டிக்கொண்டு இருக்கிறீங்கள்.

தயாபரன்: அந்த வசனம் எழுத ஏலாது. அது உண்மையில்லை.

நிஷாந்தி: எது?

தயாபரன்: வேற எழுதினனான். வாசியும்.

நிஷாந்தி: "மை ஷேர்ட்ஸ் ஆர் அப்ஸ்டேர்ஸ் அட் ஒஸ்வால்ட்'ஸ்." இலக்கணம் சரி... ஏன் உங்கட சேட்டு ஒஸ்வால்ட் வீட்டு மேல்மாடியில?

தயாபரன்: சேட்டு மட்டுமில்லை. எங்கட கட்டிலும் அங்கதான்.

நிஷாந்தி: எந்த ஒஸ்வால்ட்? கொட்டாஞ்சேனையில, மாமி வீட்டுக்குப் பின் ஒழுங்கையில இருக்கிறவரோ?

தயாபரன்: அவர்தான். மேல ரெண்டு அறையும் குசினியும் சும்மா கிடந்தது. வாடகைக்கு எடுத்திட்டன். போன கிழமை காய்ச்சல் இல்லை. நானும் அவரும் கட்டிலைத் தோளில வைச்சு ஒழுங்கையால கொண்டுபோனம். வளைவில ஒருக்கா இறுகியும் போச்சு.

நிஷாந்தி: காய்ச்சல் இல்லையோ? ...மாமி?

தயாபரன்: தம்பி அவவுக்குத் துணையா இருக்கிறானே. அம்மா ஒண்டும் சொல்லேல்லை. தலகாணியைத் தூக்கிக்கொண்டு பின்னால வந்தா. "இவ்வளவு நாளும் ஏன் பார்த்துக்கொண்டு இருந்தனி" எண்டா.

நிஷாந்தி: அப்ப நீங்கள் உண்மையாவே அம்மாவுக்குப் பின்னாலதான்.

தயாபரன்: ஒரு ஒழுங்கை பின்னால. புத்தகத்தைத் தாரும், வசனத்தில பிழை கிடக்கு. ஒஸ்வால்ட் கீழ. மேல ஒஸ்வால்ட் இல்லை.

நிஷாந்தி: பிறகு ஆர்?

தயாபரன்: இப்ப வாசியும்.

நிஷாந்தி: "ஐ ஆம்... அலோன்... அப்ஸ்டேர்ஸ் அட்..."

தயாபரன்: வாசியும்.

நிஷாந்தி: "...அட் நிஷாந்தி'ஸ்."

தயாபரன்: கொம்மா சரியான இடத்தில நிக்குதோ? வீடு எண்டு எழுதேல்லை. எழுதத் தேவையில்லை எண்டு நீர்தான் சொன்னீர். பார்சல்காரன் ரெண்டு நாளைக்கு முன்னம் போன் எடுத்தவன். ஆற்ற வீடு எண்டு கேட்டான். உம்மட பேரைத்தான் சொன்னனான். கதவிலயும் அதுதான் ஒட்டிக் கிடக்கு... என்னப்பா, பிழையோ? வகுப்புக்கு நேரமாச்சு. அந்தப் புத்தகப் பேக்கைத் தாரும், நான் தூக்கிறன்.

நிஷாந்தி: பாரம், கவனமாத் தூக்குங்கோ... அதில புத்தகம் ஒண்டும் இல்லை, என்ர உடுப்பு. நீங்கள் காய்ச்சல் எண்டு மெசேஜ் போட்ட அண்டைக்கே அடுக்கினனான். வகுப்பு முடிய, "ஐ ஆம் கோயிங் பேக் டு மை மதர்-இன்-லோ'ஸ்" எண்டு உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு, ஒரு கிழமையா அந்தக் கொம்மா எங்க வரும் எண்டு எழுதி எழுதிப் பார்த்தனான். இப்பக் கடைசிப் பேரை மட்டும் மாத்தினாச் சரி.