ஒன்பது கார்டும் நாலு மனுவும்

கையெழுத்து அழகாக இருந்தால் எனக்குப் பாதி மனசு இளகிவிடும், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சலவை நிலையத்தின் இஸ்திரிப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். எனக்குக் கீழே ஒன்பது பெண்கள். எல்லோரும் என்னை "அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட வாய் வராதவர்களை நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பேன். இரண்டே நாளில் பாசம் தானாக ஊறிவிடும்.

சம்பளம் வந்தால் அவர்கள் கையில் தங்காது. அதனால் வங்கிக் கார்டுகளை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்பதுக்கும் ரகசிய எண் ஒன்றே, என் பிறந்த நாள். நான் மறந்து தொலைத்தால் அவர்களுக்குத்தானே கஷ்டம். பணம் வேண்டுமென்றால் மனு எழுத வேண்டும். காரணம், தொகை, கடைசியில் "தங்கள் கீழ்ப்படிந்த மகள்". படித்துப் பார்த்துப் பாதியைக் கொடுப்பேன். மீதி, இத்தனை தலைவலிக்கும் எனக்கு.

போர்வை மடிக்கிற பெண் அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றாள். அம்மாவுக்கு ஆபரேஷன். பகல் பன்னிரண்டுக்குள் பணம் கட்டினால்தான் உள்ளே கொண்டுபோவார்களாம்.

"அப்பா, என் கார்டை மட்டும் குடுங்க. நானே எடுத்துக்குறேன்."

"மனு எங்கம்மா?"

எழுதினாள். ஓரம் விடவில்லை, திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் "மகள்" விட்டுப்போயிருந்தது. மூன்றாவதில் கண்ணீர் சொட்டித் தொகையே அழிந்திருந்தது. தொகை தெரியாமல் எப்படிக் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள். நாலாவது பிரமாதம். முத்து முத்தாக இருந்தது. ஆனால் நான் எதையும் நிதானமாகப் படிப்பவன். முடித்தபோது பன்னிரண்டே முக்கால், என் சாப்பாட்டு நேரம்.

"சாப்டு வந்து பாக்கலாம்மா."

வந்து பார்த்தபோது அவள் கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

"இனிமே வேணாம். அம்மா போயிட்டாங்க," என்றாள். "அப்பா" சேர்க்கவில்லை. சூழ்நிலையை உத்தேசித்து விட்டுவிட்டேன்.

மலர்வளையம் நான்தான் அனுப்பினேன். இருப்பதிலேயே பெரியது. அவள் கார்டில்தான் வாங்கினேன். அதற்கு மனுகூடக் கேட்கவில்லை. அந்த நன்றியாவது இருந்ததா? நாலு மனுவையும் சுருட்டிக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். நாலாவதை மட்டும் கசங்காமல் வையுங்கள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒரே ஒரு குறை, ஐயா. வந்ததும் உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற காவலர் என் பர்ஸைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். டீ குடிக்கக் காசு கேட்டால், "எழுதிக் குடு, பாக்கலாம்" என்கிறார். அது என் காசு. அதைக் கேட்க நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை இப்படியா நடத்துவது?