பொன்னிறப் பல்லிக்கு வைத்த வீடு

பல்லிக்கு வீடு வைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் ஒரு பக்கம் மட்டும் சூடு தரும் பாய், ஒளிந்துகொள்ள மூன்று பொந்து, ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தைந்து. எந்தப் பக்கம் வேண்டுமோ அங்கே அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு அப்படியொரு வசதி இருந்ததில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, மேடம். தகவலுக்காக எழுதுகிறேன்.

சுகாதாரத் துறை டாக்டரான நீங்கள் நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் திரிஷா. வயது இருபத்து மூன்று. பி.எஸ்சி. விலங்கியல், முதல் வகுப்பு. எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பரசுராமன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டறையில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறார். நான் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தில் அவர் கை மட்டும் ஊதா நிறத்தில் இருக்கும். இரண்டு வருடமாக நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இம்தியாஸ் பாயின் மீன், பறவைக் கடையில் வேலை பார்க்கிறேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "ஏம்மா ஜுவாலஜி, அந்த மீன் ஏன் கவுந்துக்கினு நீந்துது, உன் புக்ல போட்டிருக்குதா பாரு" என்பார். நல்ல மனிதர். இந்த விஷயத்தில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஏப்ரலில் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் சீனிவாசன் எங்கள் கடைக்கு வந்தார். அவருடைய பத்து வயது மகள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பல்லி வளர்த்தே தீருவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாளாம். அவர் மனைவி கமலவேணிக்குப் பல்லி என்றாலே குமட்டும். ஆனால் இம்தியாஸ் பாய் காட்டிய படத்தில் இருந்தது சுவரில் ஓடும் பல்லி இல்லை. சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி, தடித்த வால். கமலவேணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, தங்கப் பல்லி மாதிரியே இருக்குதுங்க" என்றாராம்.

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். இந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உண்டு. அவற்றைத் தலையிலிருந்து வால்வரை தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. தொட்ட கையை உடனே கழுவினால் பலனும் சேர்ந்து போய்விடும் என்பது கமலவேணியின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதை முதல் நாளே என்னிடம் சொன்னார்.

முதல் நாள், தொட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அவர்கள் வாசலில் நின்றேன். "எந்தத் தெருமா நீ?" என்று கமலவேணி கேட்டார். சொன்னேன். "சரி, குழாயடில கைகால் கழுவிக்கினு வா" என்றார். கழுவினேன். எல்லாரையும் கழுவச் சொல்வார் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னாலேயே வந்த மின்சார ரிப்பேர்காரர் கழுவாமல் உள்ளே போனார்.

தொட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். ஏ.சி. அறையில் வெப்பம் சீராக இருக்கும் என்றேன். ஏ.சி. அறை ஒன்றுதான் இருந்தது. அதில் தொட்டில் கட்டியிருந்தது. தொட்டிலில் ஐந்து மாதக் குழந்தை, ஆண். நான் சூடு தரும் பாயை ஒட்டி, பொந்துகளை அடுக்கி, வெப்பமானியைப் பொருத்தும்வரை அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்தது. நான் கை நீட்டியபோது கமலவேணி நடுவில் வந்து நின்று, "தூங்கற நேரம்மா" என்றார்.

வேலை முடித்துப் படியிறங்கிய பிறகு ஸ்குரூடிரைவரை மறந்தது ஞாபகம் வந்து திரும்பிப் போனேன். நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி குழாயடியில் சோப்பு நுரையோடு நின்றது. கமலவேணி பதறவில்லை. "தூசியா இருந்துச்சும்மா" என்றார். ஸ்குரூடிரைவரை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினார்.

அன்று கடையில் உட்கார்ந்து அவர்களுக்கான விதித்தாளை அச்செடுத்தேன். எங்கள் கடையில் பல்லி வாங்கும் எல்லாருக்கும் தருகிற தாள் அது. நானே தமிழில் எழுதியது. புழுவைக் கால்சியம் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும், மணல் பரப்பக் கூடாது, வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இப்படி. மறுநாள் பல்லியோடு அதையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது கமலவேணி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தார். "டீச்சர் மாதிரி எழுதியிருக்குது பொண்ணு" என்று கணவரிடம் சொன்னார். பத்து விதியையும் அவர்கள் ஒன்று விடாமல் கடைப்பிடித்தார்கள். அதற்கு நான் சாட்சி.

எங்கள் கடைத் தாளில் பதினொரு விதி உண்டு, மேடம்.

ஏழாவது விதி இது: பல்லியையோ தொட்டியையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் குடலில் இருக்கும் கிருமி அதை ஒன்றும் செய்யாது, மனிதர்களுக்கு ஆகாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கக் கூடாது. அந்த ஒன்றை எடுத்துவிட்டேன். எட்டை ஏழாக்கினேன், ஒன்பதை எட்டாக்கினேன். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் கேட்பார்கள் இல்லையா. நாற்காலியைக் கழுவத் தெரிந்தவர்களுக்குக் கை கழுவ நான் சொல்லித் தர வேண்டுமா என்று தோன்றியது. அப்போது அது நியாயமாகத்தான் தோன்றியது.

ஒரு வாரம் கழித்துப் புழு கொடுக்கப் போனேன். தொட்டிக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று பல்லியைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "கோயிலாண்ட கூட இவ்ளோ கூட்டம் இல்லமா, உண்டியல் ஒண்ணு வெச்சா போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியாகக் கமலவேணி பல்லியைத் தலையிலிருந்து வால்வரை தடவி, அதே விரல்களால் குழந்தையின் நெற்றியைத் தொட்டு, கன்னத்தைத் தொட்டார். குழந்தை அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவர் அதைச் சப்பவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் பல்லியின் தண்ணீர்க் கிண்ணமும் பால் புட்டியும் ஒரே பிரஷ்ஷில் கழுவி, ஒரே துணியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை. கடைக்கு வந்து போனில் அவருக்கு நான்கு முறை செய்தி தட்டினேன், நான்கு முறையும் அழித்தேன். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகப் போக, சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. கிணற்றில் விழுந்த வாளியை மேலே நின்று பார்ப்பது போல அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு என் கையில்தான் இருந்தது. கையை அசைக்க முடியவில்லை. நீங்கள் நம்பாமல் போகலாம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிறகு வலிப்பு. கிருமி மூளைக்குப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறாவது நாள் காலையில் குழந்தை இறந்தது. குழந்தையின் ரத்தத்தில் இருந்ததும் தொட்டியில் இருந்ததும் ஒரே கிருமி என்று நீங்கள்தான் சோதித்துச் சொன்னீர்கள்.

நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: நான் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. யார் கையையும் பிடித்துப் பல்லியின் மேல் வைக்கவில்லை. படித்தவள் என்று வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் படித்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் சாயக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார்.

காய்ச்சல் கண்டு மூன்று நாள் வரைக்கும் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று நேற்று என் எதிரிலேயே கமலவேணியைக் கேட்டீர்கள். அழுகையில் அவரால் பேச முடியவில்லை. அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது.

முதல் நாள் காய்ச்சலின்போது அவர் எனக்குப் போன் செய்தார். அதுவரை "பொண்ணு", "ஏம்மா" என்றே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயர் சொன்னார்.

"திரிஷா, நீ படிச்ச பொண்ணு, அதான் உன்னைக் கேக்கறேன். குழந்தைக்கு உடம்பு கொதிக்குதுமா. பல்லியால எதுனா வருமா? டாக்டராண்ட தூக்கிக்கினு போகட்டா?"

நான் கடையில் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வராதுக்கா" என்றேன். "பல்லு முளைக்கிற காய்ச்சலா இருக்கும். நாலு நாள் பாருங்க."