முதல் காப்பி டிரைவருக்கு

லோஷினி: ...இல்ல ஆன்ட்டி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. உங்க பக்கம் ஒரு மஞ்சக் கலரு தெரியுது. அது நீங்களா, சுவரா?

மலர்: மஞ்சள் சுவரும்மா. நான் பச்சை.

லோஷினி: ஓ... பச்சை நீங்களா? பூந்தொட்டின்னு நெனச்சேன். சாரி.

மலர்: பரவால்ல. எண்பது கிலோ பூந்தொட்டி.

லோஷினி: கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டாங்க ஆன்ட்டி. என் கண்ணாடியையும் பவரு பாக்கணும்னு உள்ள வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்போ எதிர்ல ஒரு யானை வந்து நின்னா, யாரோ பெரியவருன்னு எழுந்து வணக்கம் சொல்வேன்.

மலர்: அவ்ளோ மோசமா? இத்தனை கிட்ட உக்காந்திருக்கேன், என் மூஞ்சிகூடவா...?

லோஷினி: மூஞ்சின்னு ஒண்ணு இருக்குன்னு தெரியுது.

மலர்: அப்பாடா... அடடான்னு சொல்ல வந்தேன். பேரென்னம்மா?

லோஷினி: லோஷினி. ஊரு பெர்மாஸ் ஜெயா. ஆன்ட்டி பேரு?

மலர்: என் பேரு வந்து... ராசம்மா. செடெனாக்.

லோஷினி: சொந்தப் பேரைச் சொல்ல இவ்ளோ நேரமா?

மலர்: பழைய பேரு லா. தேடி எடுக்கணும்.

லோஷினி: ஆன்ட்டிக்கும் ஆபரேஷனா?

மலர்: எனக்கா? சே சே. தெரிஞ்ச பையன் ஒருத்தன்கூட வந்தேன். உள்ள இருக்கான். உனக்கு என்ன, லேசரா?

லோஷினி: லேசர் பண்ணலாம்னுதான் போன மாசம் வந்தேன். டாக்டர் அளந்து பாத்துட்டு முடியாதுன்னுட்டாரு. கண்ணு முன்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்குல்ல, கார்னியா? லேசர்ல அதைச் சீவித்தான் பவரைச் சரி பண்ணுவாங்களாம். எனக்கு அது மெலிசு. பவரு பதிமூணு. அவ்ளோ சீவினா மிச்சம் போதாதாம்.

மலர்: பதிமூணா! அலமாக்!

லோஷினி: மெதுவா ஆன்ட்டி. கார் பார்க் வரைக்கும் கேட்டிருக்கும்.

மலர்: இல்ல... பதிமூணுன்னா... சரி, நீ சொல்லு. அப்புறம்?

லோஷினி: அதனால கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் வைக்கப் போறாங்க. கண்ணுல கலரா ஒரு வளையம் இருக்குல்ல, அதுக்குப் பின்னால. நம்ம சொந்த லென்ஸைத் தொட மாட்டாங்க. அதுக்கு முன்னால இதை மடிச்சு உள்ள விட்டா, தானா விரிஞ்சுக்குமாம்.

மலர்: சட்டைத் துணிக்கு உள்பக்கம் லைனிங் குடுக்குற மாதிரி.

லோஷினி: ஆன்ட்டி டைலரா?

மலர்: ஐயோ இல்ல. துணி பாக்கப் போவேன், அங்கங்க கேட்டுக்கிட்டதுதான். அப்போ லேசருன்னா துணிய வெட்டுறது. வெட்டினா வெட்டினதுதான். இது லைனிங். புடிக்கலன்னா பிரிச்சுடலாம்?

லோஷினி: பிரிச்சுடலாமாம். அதுக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணணும். ஆனா எடுக்கலாம்.

மலர்: எடுத்தா சாமானைத் திருப்பி வாங்கிக்குவாங்களா? பில்லு பத்திரமா வச்சிருக்கணுமா?

லோஷினி: ஆன்ட்டி! அது என் கண்ணுக்குள்ள கெடந்த சாமான்!

மலர்: கழுவிக் குடுக்கலாம்ல? சரி அதை விடு. கடைசி என்ன?

லோஷினி: ...என்ன?

மலர்: விலை லா. சொல்ற விலைய விடு. கடைசி என்ன?

லோஷினி: ...

மலர்: என்னம்மா, திடீர்னு சத்தத்தையே காணோம்?

லோஷினி: ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. கண்ணு எரிஞ்சுது. ஒரு பழைய காரு வாங்குற காசு ஆகுது. இங்க பேரம் எல்லாம் கிடையாது.

மலர்: ரெண்டு கண்ணையும் உங்ககிட்டயே குடுக்குறேன்னு சொல்லிப் பாத்தியா?

லோஷினி: பின்ன, ஒண்ணை இங்கயும் ஒண்ணை அடுத்த கடையிலயுமா குடுப்பேன்?

மலர்: அது உனக்குத் தெரியும். அவங்களுக்கு ஏன் தெரியணும்?

லோஷினி: ஆன்ட்டி, உங்களுக்குப் பெர்மாஸ் ஜெயால சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?

மலர்: யாரும் இல்லியே.

லோஷினி: கோத்தா திங்கில?

மலர்: ...அந்தப் பக்கம் போனதே இல்ல. ஏன்?

லோஷினி: அப்போ உங்ககிட்ட சொல்லலாம். மனசுல ஒண்ணு கெடந்து அரிக்குது. எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. கோத்தா திங்கில துணிக்கடை வச்சிருக்காங்க. பையன் அம்மாதான் அங்க முதலாளி. மலர்னு பேரு.

மலர்: பேரு நல்லா இருக்கே.

லோஷினி: பேரு நல்லாத்தான் இருக்கு.

மலர்: ...ஏன், அவங்க என்ன பண்ணாங்க?

லோஷினி: அவங்க ஒண்ணும் பண்ணல. பண்ணது நாங்க. எங்க பொண்ணு பொறந்ததுலேர்ந்து கண்ணாடி போட்டதில்லன்னு எங்கம்மா அவங்ககிட்ட அடிச்சு விட்டுட்டாங்க.

மலர்: ஓஹோ.

லோஷினி: வெளிய போனா கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்குவேன், அதனால யாருக்கும் தெரியாது. ஆனா இந்த ஆபரேஷனுக்குக் கண்ணை அளக்கணும்னா ரெண்டு வாரத்துக்கு அதைப் போடக் கூடாதாம். கண்ணு பழைய ஷேப்புக்குத் திரும்பணுமாம். சரியா அந்த ரெண்டு வாரத்துக்கு நடுவுல, ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றோம்னுட்டாங்க.

மலர்: தேதிய மாத்தச் சொல்லியிருக்கலாம்ல?

லோஷினி: கேட்டோமே. அதுக்கப்புறம் தீபாவளி சேல்ஸ், கடைய விட்டுட்டு வர முடியாதுன்னு அந்த மலரம்மா ஒத்தைக் கால்ல நின்னாங்களாம்.

மலர்: அது... சீசன் வந்தா அப்படித்தான். கடை வச்சவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும்.

லோஷினி: ரொம்பப் பரிஞ்சு பேசுறீங்களே?

மலர்: பொதுவா சொன்னேன். அப்போ கண்ணாடி போட்டுக்கிட்டே வந்து நின்னியா?

லோஷினி: அம்மா விடுவாங்களா? கண்ணாடிய அரிசி டின்னுல போட்டு மூடிட்டாங்க. ரெண்டு நாளு ஒத்திகை. குசினிலேர்ந்து ஏழு அடி வை. ஃபேன் காத்து நெத்தில பட்டா நில்லு. வலது பக்கம் ஒத்தை நாற்காலி, ஊதா சட்டை, அதான் மாப்பிள்ளை. குனிஞ்சு காப்பிய நீட்டு. சிரி. திரும்பி ஏழு அடி.

மலர்: நல்ல ஏற்பாடுதான்.

லோஷினி: ஏற்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. அம்மா எட்டிப் பாத்துட்டு வந்து என் கைல ட்ரேயக் குடுக்குறதுக்குள்ள, அங்க ஆளு மாறிட்டாங்க. மாப்பிள்ளை சோபாவுக்குப் போயிட்டாரு. அவங்களைக் கூட்டிட்டு வந்துட்டு வெளிய வெயில்ல நின்ன வேன் டிரைவரை உள்ள கூப்பிட்டு அந்த நாற்காலில உக்கார வச்சிருக்காங்க. அவரும் ஊதா சட்டை.

மலர்: பின்ன, அந்த வெயில்ல விஜயனை வெளிய நிக்க வச்சா நல்லாவா இருக்கும்...

லோஷினி: விஜயனா? யாரு விஜயன்?

மலர்: ...டிரைவரு. எங்க ஊருப் பக்கம் வேன் ஓட்டுனா எல்லாருக்கும் விஜயன்தான் பேரு.

லோஷினி: ஓ. செடெனாக்ல அப்படியா?

மலர்: அப்படித்தான். நீ சொல்லு.

லோஷினி: அப்புறம் என்ன? ஏழு அடி வச்சேன், காத்து பட்டுச்சு, நின்னேன், ஊதா தெரிஞ்சுது. குனிஞ்சு, ஒத்திகையில சிரிச்சதைவிட நல்லாவே சிரிச்சு, முதல் காப்பிய டிரைவருக்குக் குடுத்துட்டேன். ஹாலே அமைதியாயிடுச்சு. அவரு மட்டும், 'சீனி கொஞ்சம் கம்மிம்மா'ன்னாரு.

மலர்: அவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு... அப்படிப்பட்ட டிரைவர்ங்க இருக்காங்க. சரி, மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்க?

லோஷினி: அதான் ஆன்ட்டி கொடுமையே. வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போன் பண்ணி சம்மதம் சொல்லிட்டாங்க. கூலிக்கு வந்த மனுஷனை முதல்ல கவனிச்சாளே, இப்படி ஒரு பொண்ணு இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்னு அந்த மலரம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சாம்.

மலர்: கலங்கத்தான் செஞ்சுது... செய்யாதா பின்ன?

லோஷினி: அவங்க என் குணத்தைப் பாத்து சம்மதிச்சிருக்காங்க. அது குணம் இல்ல ஆன்ட்டி. பதிமூணு பவரு.

மலர்: ...

லோஷினி: ஆன்ட்டி, இருக்கீங்களா? சுவரும் நீங்களும் ஒண்ணாத் தெரியுது.

மலர்: இருக்கேன், இருக்கேன். பையன் என்ன சொன்னான்?

லோஷினி: பொண்ணு லட்சணமா இருக்குன்னாராம்.

மலர்: ஆமா, அவன் எங்க பாத்தான்...

லோஷினி: என்ன சொன்னீங்க?

மலர்: ஆம்பளப் பசங்க எங்க நேரா நிமிந்து பாக்குறாங்கன்னு சொன்னேன். போன்ல பேசுனீங்களா?

லோஷினி: மெசேஜ் மட்டும்தான். நிச்சயம் ஆகுற வரைக்கும் பேசக் கூடாதுன்னு அவங்கம்மா உத்தரவு.

மலர்: வாயத் தொறந்தா விலை எறங்கிடும்னு நெனச்சிருப்பாங்க.

லோஷினி: யாரோட விலை?

மலர்: ...பொதுவா.

லோஷினி: சரி, உங்களையே கேக்குறேன். உங்க வீட்டுக்கு வர்ற மருமக இப்படின்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?

மலர்: எதுக்குத் தெரியணும்ங்கிறேன்? லென்ஸ் வச்சாச்சு, கண்ணாடி இல்ல. சரக்கு கைக்கு வரும்போது நல்லா இருந்தா போதாதா?

லோஷினி: அது எப்படி? ராத்திரில லைட்டைச் சுத்தி வளையம் தெரியலாமாம். வருஷா வருஷம் வந்து காட்டணும். நாப்பது வயசைத் தாண்டினா படிக்கக் கண்ணாடி எப்படியும் வரும். அதை விடுங்க, எனக்குப் பொறக்குற புள்ளைக்கு என் கண்ணு வந்துச்சுன்னா? பேரனுக்கு ஏது கண்ணாடின்னு அந்த மலரம்மா கேட்டா நான் என்ன சொல்றது?

மலர்: கேக்க மாட்டாங்க.

லோஷினி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மலர்: சும்மா... ஒரு ஊகம்தான்.

லோஷினி: அவங்க வம்சத்துலயே கண்ணாடி கிடையாதாம். பையனுக்குப் பருந்துக் கண்ணாம். எங்க வீட்டுல உக்காந்து முறுக்கு சாப்பிட்டுக்கிட்டே சொன்னாங்க.

மலர்: பருந்துன்னா சொன்னாங்க?

லோஷினி: பருந்துன்னுதான்.

மலர்: கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போயிடுச்சு. சரிம்மா, இந்த ஆபரேஷன் எல்லாம் கல்யாணத்துக்காகத்தானே?

லோஷினி: இல்ல லா! நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவ. விடியறதுக்குள்ள மோட்டார்ல காஸ்வே பாலம் தாண்டணும். மழை பெஞ்சா ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடி புகை மூடிக்கும். முன்னால போற பஸ்ஸோட சிவப்பு லைட்டை நம்பித்தான் உசுரே. கான்டாக்ட் லென்ஸ் போட்டா ஏர்கோன் குளிர்ல கண்ணு காஞ்சு செவந்துடுது. மூணு வருஷமா இதுக்குன்னு சேத்து வச்சேன். கல்யாணம் நின்னாலும் இது நிக்காது.

மலர்: அப்போ கல்யாணம் நின்னா உனக்குப் பரவால்ல?

லோஷினி: பரவால்லன்னா இதை எதுக்கு உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்? அவரு நல்லா எழுதுறாரு ஆன்ட்டி. அவரு மெசேஜைப் பாத்துட்டு பஸ் ஸ்டாப்புல தனியா நின்னு சிரிச்சிருக்கேன். எனக்கு அந்த வீடு வேணும். ஆனா ஏமாத்தித் தள்ளி விட்ட சாமானா அங்க போய் உக்கார மாட்டேன்.

நர்ஸ் ரீத்தா: லோகேஸ்வரன்கூட வந்தவங்க யாருங்க? அவரு கண்ணாடி உங்க ஹேண்ட்பேக்ல இருக்காம். பவரு பாக்கணும், குடுங்க.

மலர்: ...

நர்ஸ் ரீத்தா: லோகேஸ்வரன்! கோத்தா திங்கி! கூட வந்தது யாரு?

லோஷினி: அத்தை, உங்களத்தான் கூப்பிடுறாங்க.

நர்ஸ் ரீத்தா: பச்சை சேலை அம்மா, நீங்கதானா?

மலர்: இந்தாம்மா. கீழ போட்டுடாத.

நர்ஸ் ரீத்தா: அம்மாடி, என்னா கனம்!

மலர்: கொண்டு போம்மா நீ. ஊருக்கெல்லாம் எடை போட்டுச் சொல்லணுமா?

லோஷினி: கோவிச்சுக்காதீங்க அத்தை.

மலர்: எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?

லோஷினி: 'கடைசி என்ன?'ன்னு கேட்டீங்களே, அப்போலேர்ந்து. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்க மாமா மண்டபத்து வாடகையச் சொன்னப்போ இதே மாதிரி கேட்டீங்க. அன்னிக்கு எங்க ஹால்ல ஒன்பது பேரு இருந்தாங்க. எனக்கு ஒன்பது பேரும் வெறும் குரல்தானே?

மலர்: தெரிஞ்சுக்கிட்டேதான் எல்லாத்தையும் என்கிட்ட கொட்டினியா?

லோஷினி: மலரம்மாகிட்ட சொன்னா எங்கம்மாவுக்கு அவமானம். செடெனாக் ராசம்மாகிட்ட சொன்னா யாருக்கு என்ன?

மலர்: அடி கெட்டிக்காரி. உன்னைக் கல்லாவுல உக்கார வச்சா எனக்கு ரெண்டு ஆளு மிச்சம். இப்போ நான் கோவப்படணுமா, வேணாமா?

லோஷினி: பருந்துக்குப் பவரு எவ்ளோ அத்தை?

மலர்: ...பதினொண்ணு.

லோஷினி: லேசர் முடியாதுன்னுட்டாங்களா?

மலர்: அதே கதைதான். மெலிசாம். அவனுக்கும் லைனிங்தான்.

லோஷினி: அப்போ கோவம் வேணாம்.

மலர்: ம். சரி, கடைசி என்ன சொல்ற?

லோஷினி: இந்த லென்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வர்றதுக்கு நாலு வாரம் ஆகும்னாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை பொண்ணு பாக்க வாங்க. ரெண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கிட்டு. முழுசா பாத்துட்டு அவரு சரின்னா, எனக்கும் சரி.

மலர்: தீபாவளி சேல்ஸ் நேரத்துல எப்படிம்மா...

லோஷினி: அத்தை.

மலர்: சரி சரி, வர்றோம். இந்தத் தடவை விஜயனை வேன்லயே உக்காரச் சொல்றேன்.

லோஷினி: வேணாம், உள்ள வரட்டும். முதல் காப்பி அவருக்குத்தான். சீனியக் குறைச்சுப் போடுறேன்.

மலர்: ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. இப்போ நர்ஸு வந்து கண்ணாடி கேட்டப்புறம்தானே அவன் விஷயம் தெரிஞ்சுது? அது வரைக்கும் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டுத்தானே பேசின?

லோஷினி: உங்களுக்குத்தான் பயந்தேன். அவரு விஷயம் அன்னிக்கே தெரியும் அத்தை. டிரைவருக்குக் குடுத்துட்டு ட்ரேயோட சோபாப் பக்கம் திரும்பினேன்ல? கப்போட காதுன்னு நெனச்சு என் கட்டை விரலைப் புடிச்சு இழுத்தாரு. ரெண்டு தடவை. மூணாவது தடவையும் இழுப்பாருன்னு நானும் ட்ரேய ஆட்டாம புடிச்சுக்கிட்டு நின்னேன்.