அத்தா விட மறுக்கும் நோன்பு

எருத்தேன்பதி செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் சகோதரியர் இருவர் அமர்ந்திருந்தனர். இளையவர் பெண்கள் அரபுக் கல்லூரியில் பாடம் நடத்துபவர் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவர் தங்கள் தந்தையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு நாளிதழை மடித்தேன்.

“நாளைக்கு நோம்பு தொடங்குது. அத்தாவ அவரு கேள்வியே கொன்னுரும். நோயாளி நோம்ப விடலாம்னுதான் இருக்குது, விடணும்னு எங்க இருக்குதுங்கறாரு. போன வருசம் ரெண்டு வேளை சக்கரை மாத்திரையும் விடியறதுக்குள்ள முழுங்கிட்டு, மத்தியானம் மயங்கி உளுந்தாரு.”

“ஒரு சட்டத்த மட்டும் பாத்தா அப்பிடித்தான்க்கா தோணும். பலதையும் பக்கத்துல வெச்சுப் பாக்கோணும். தொழுகைக்கு முன்னால கைகால் கழுவற தண்ணி பட்டு நோவு முத்தும்னா, அதுக்குப் பதிலா மண்ணத் தொட்டுத் தடவிட்டுத் தொழுகலாம். நிக்க முடியலீனா உக்காந்து தொழுகலாம். பட்டினில சாகக் கெடந்தா, விலக்குனதக்கூடத் தின்னே ஆகோணும். இதெல்லாம் எதையக் காப்பாத்துது?”

“உசுர.”

“அதுதான் இந்தச் சட்டங்களோட நோக்கம். இப்பிடித்தான் கண்டுபுடிக்கறது. உசுருக்கே ஆபத்துன்னா, விட்டே ஆகோணும்.”

“இத அவருகிட்ட நீயே சொல்லு.”

“நானா? அவரு முன்னால எனக்கு நாக்கே எழாதே.”

“கிளாஸ்ல புள்ளைககிட்ட மட்டும் நாக்கு நல்லா எழும்புதாக்கும்!”

இளையவர் சற்றுத் தயங்கிக் கைப்பேசியை எடுத்தார். “அத்தா, ஒரு சந்தேகமுங்க,” என்று தொடங்கி, எல்லாவற்றையும் கேள்விகளாகவே அடுக்கினார்.

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. நோயோடு என் மனைவி இருந்த கடைசிச் சஷ்டி விரதத்தின்போது நான் இப்படி ஒன்றும் கேட்கவில்லை.

கேள்விகள் முடிந்ததும், மறுமுனையிலிருந்து முதியவரின் குரல் எனக்கே கேட்டது.

“அந்த மண்ணுல இருந்து ஆரம்பிச்சு, இன்னொருக்கா வரிசையாச் சொல்லு, கண்ணு.”